மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்: விடுதலை ஊழியம் செய்கிறவர்களுக்கும் அவர்களுக்கு மேலுள்ள பேராயர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கனத்துக்குரிய பேராயர் ஐயாமாருக்கும், கத்தோலிக்க ஆயர் பெருமக்களுக்கும், பிசாசின் பிடியிலிருந்து விடுவிக்கிறதாக விடுதலைக் கூட்டங்கள் நடத்திவரும் பாஸ்டர்மாருக்கும் ஸ்தோத்திரம்.

பிசாசு உண்டா இல்லையா என்று உங்களோடு வாதாட நான் வரவில்லை. ஞானஸ்நானத்தின்போது பிசாசையும் அவன் கிரியைகளையும் வெறுக்கிறதாக என் ஞானப் பெற்றோர் எனக்காகச் சொன்னதை, திடப்படுத்தலில் நானே வாய் திறந்து சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் மனநலப் பிரிவில் செவிலியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். அந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது இது: பிசாசு உண்டு என்று நம்புவது ஒரு காரியம்; எதிரே நிற்கிற இந்தப் பெண்ணுக்குள், இந்தப் பையனுக்குள் அது இருக்கிறது என்று மைக்கில் அறிவிப்பது முற்றிலும் வேறு காரியம். முந்தினது விசுவாசம். பிந்தினது நோய் கண்டறிவது. அதற்கு உங்களிடம் பயிற்சி கிடையாது, சட்டம் தந்த உரிமையும் கிடையாது. வேதமும் திருச்சபையின் சரித்திரமும்கூட அந்த உரிமையை உங்களுக்கு லேசில் தந்துவிடவில்லை என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

ஜெர்மனியில் மைன் ஆற்றங்கரையில் கிளிங்கன்பெர்க் என்று ஒரு சிற்றூர். அங்கே பக்தியான கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த அன்னலீஸ் மிஷேலுக்கு 1968இல், 16 வயதில், முதல் வலிப்பு வந்தது. மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் கிளம்புகிற வலிப்பு என்று மருத்துவர்கள் மருந்து கொடுத்தார்கள். போகப்போக ஜெபிக்கும்போது கோரமான முகங்கள் தெரிய ஆரம்பித்தன. நரகத்தில் வேகப்போகிறாய் என்று குரல்கள் கேட்டன. அதற்கிடையிலும் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் படிப்பில் சேர்ந்தாள். மருந்தால் முழுக் குணம் கிடைக்கவில்லை. குடும்பம் குருக்களைத் தேடிப் போனது. வூர்ட்ஸ்பர்க் ஆயர் யோசெப் ஸ்டாங்கில் 1975 செப்டம்பரில் பேயோட்டும் சடங்குக்கு அனுமதி கொடுத்தார். அதிலிருந்து ஏறக்குறைய பத்து மாதத்தில் 67 தடவை சடங்கு நடந்தது. சில நாள் நான்கு மணி நேரம்கூட நீண்டது. அவளோ பிறருடைய பாவங்களுக்குத் தான் பரிகாரம் செய்வதாக நம்பிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாள். நூற்றுக்கணக்கில் முழங்கால் போட்டுப் போட்டு மூட்டுகள் சிதைந்தன. வைத்தியத்துக்கு அவளைக் கொண்டுபோகவில்லை. 1976 ஜூலை 1ஆம் தேதி செத்துப்போனாள். 23 வயது. எடை ஏறக்குறைய 31 கிலோ.

1978இல் ஆஷாஃபன்பர்க் நீதிமன்றம் தாய் தகப்பனையும் இரண்டு குருக்களையும் கவனக்குறைவால் மரணம் விளைவித்தவர்கள் என்று தீர்த்து, ஆறு மாதச் சிறையை நிறுத்திவைத்து நன்னடத்தையில் விட்டது. சாவுக்கு ஒரு வாரம் முன்புகூட அவளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று அங்கே சொல்லப்பட்டது. இது வஞ்சகர்களின் கதை இல்லை. அந்தக் குருக்கள் காசு வாங்கவில்லை, கூட்டம் கூட்டவில்லை, மேடை போடவில்லை. அவளை நேசித்தார்கள். பெற்ற தாய் பக்கத்திலேயே இருந்தாள். நல்ல மனிதர்கள் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து, ஜெபித்துக்கொண்டே, ஒரு பிள்ளை பட்டினியில் சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயம் தருவது இந்தப் பகுதிதான். போலி ஊழியக்காரனைப் பற்றிப் பேச எனக்கு மடல் தேவையில்லை, போலீஸ் ஸ்டேஷன் போதும்.

அந்தச் சடங்குகளை ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தார்கள். நீதிமன்றத்திலும் ஓட விட்டார்கள். அவளுக்குள் இருந்து பேசினவர்களின் பட்டியலைப் பாருங்கள்: லூசிபர், காயீன், யூதாஸ், நீரோ, ஹிட்லர், கூடவே அந்தப் பகுதியில் சில நூற்றாண்டுகளுக்கு முன் கெட்ட பெயர் எடுத்த ஒரு பாதிரியார். வேதபாட வகுப்பிலும் சரித்திரப் பாடத்திலும் ஊர்ப் பேச்சிலும் அவள் கேட்டிருக்கக்கூடிய பெயர்களைத் தாண்டி அந்தப் பட்டியலில் யாரும் இல்லை. அந்தப் பிசாசுகளுக்கு அரசியலும் இருந்தது. நற்கருணையைக் கையில் வாங்குவதைப் பற்றியும், புதுமை பேசுகிற இறையியலாரைப் பற்றியும் கருத்துச் சொல்லின. சுற்றி நின்ற பழமைப் பற்றாளர்களின் கருத்தும் அதேதான். பேயோட்டினவர்கள்தான் அவளுடைய நோய்க்கு உருவமும் வசனமும் கொடுத்தார்கள் என்று மனநல நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள்.

இப்போது நம்மூருக்கு வாருங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் நடக்கிற விடுதலைக் கூட்டங்களில் “உன் பேர் என்ன, சொல்” என்று பாஸ்டர் அதட்டினால் நீரோ வருகிறானா? ஹிட்லர் வருகிறானா? சுடலைமாடன் வருகிறான், இசக்கி வருகிறாள், முனி வருகிறது, கிணற்றில் விழுந்து செத்த பக்கத்துத் தெருப் பெண் வருகிறாள். பக்கத்துத் தெருக்காரர் வருஷாவருஷம் கொடை கொடுத்துக் கும்பிடுகிற சாமி நம் மேடையில் பிசாசாக அழுகிறது. இது ஏதோ நேற்று வந்த பழக்கம் இல்லை. இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் 1849இல் எழுதிய நூலிலேயே தென்கோடி ஜனங்களின் சாமி கும்பிடுதலைப் பேய் வழிபாடு என்றுதான் எழுதினார். நம் பாட்டன்மார் கோவிலை விட்டார்கள், ஆனால் அங்கிருந்த சாமிகள் செத்துவிட்டதாக அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. பிசாசாக மாறிவிட்டதாகத்தான் சொன்னார்கள். அந்தப் பயம் இன்னும் நம் வீடுகளில் குடியிருக்கிறது. பவேரியாவின் பிசாசு பவேரியாவின் பாடப்புத்தகத்தைப் படித்திருக்கிறது, நம் பிசாசு நம் ஊர்க் கொடையைப் பார்த்திருக்கிறது. பிசாசுபிடித்தவருக்குத் தெரியாத ஒன்றையும் பிசாசு தெரிந்துவைத்திருக்கவில்லை என்றால், பேசுவது யார் என்ற கேள்வியை அவிசுவாசி கேட்கும் முன்னே நாம் கேட்டிருக்க வேண்டாமா?

கேட்டவர்கள் உண்டு. அதுவும் சபைக்குள்ளேயே.

1590களின் கடைசியில் பிரான்சில் மார்த் ப்ரோசியே என்ற இளம்பெண்ணை ஊர் ஊராகக் கூட்டிப்போனார்கள். அவளுக்குள் இருந்த பெயல்செபூல் புராட்டஸ்டண்டுக்காரர்களைத் தன் பிள்ளைகள் என்று சொல்லும். மத சமாதானத்துக்காக நாந்த் நகரில் ராஜா பிறப்பித்த ஆணையின் மை காயாத காலம் அது. அந்தப் பேச்சைக் கேட்கக் கூட்டம் அலைமோதியது. ஆஞ்சே நகரத்து ஆயர் ஷார்ல் மிரோன் அவளைச் சாப்பாட்டுக்கு அழைத்தார். தீர்த்தத்தை வெறும் தண்ணீர் என்று கொடுத்தார், நிம்மதியாகக் குடித்தாள். வெறும் தண்ணீரைத் தீர்த்தம் என்று நீட்டினார், துடித்துப்போனாள். பிறகு பேயோட்டும் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லிவிட்டு, லத்தீன் மகாகவி வெர்ஜிலின் காவியத்திலிருந்து முதல் அடியைக் கம்பீரமாக வாசித்தார். வேதவசனம் என்று நினைத்து அவள் தரையில் விழுந்து புரண்டாள். பாரிசில் அவளைச் சோதித்த மருத்துவர் மாரெஸ்கோ சுருக்கமாக எழுதினார்: பிசாசிடமிருந்து ஒன்றும் இல்லை, பெரும்பாலும் பாசாங்கு, கொஞ்சம் நோய்.

இந்தச் சோதனையைச் செய்தவர் நாத்திகர் இல்லை, ஒரு ஆயர். உங்களில் யாராவது ஒருவர் அடுத்த கூட்டத்தில் அபிஷேகத் தைலம் என்று சொல்லி வெறும் தேங்காய் எண்ணெயைத் தொட்டுப் பாருங்கள். இன்னும் தைரியம் இருந்தால், அதே குரலில், அதே வேகத்தில் மின்கட்டண ரசீதை வாசித்துப் பாருங்கள். விழுகிறவர்கள் விழத்தான் செய்வார்கள் என்பது என் ஊகம். பொய் சொல்லி விழுகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்பெயினில் இன்னொருவர். அலோன்சோ தெ சலசார் ஃப்ரியாஸ் என்று பெயர். சமய விசாரணை மன்றத்து நீதிபதி. அந்த மன்றத்தின் பெயரைக் கேட்டாலே நமக்கு நெருப்பு ஞாபகம் வரும். 1610இல் லொக்ரோனோவில் ஆறு பேரைச் சூனியக்காரர் என்று உயிரோடு எரித்த தீர்ப்பு வந்த மன்றத்தில் அவரும் உட்கார்ந்திருந்தார், மனம் ஒப்பவில்லை. அடுத்த வருஷம் நவார் மலைக்கிராமங்களுக்கே போனார். பிசாசின் கூட்டத்துக்குப் போய்வந்ததாகச் சொன்ன 1,800க்கும் மேற்பட்டவர்களை விசாரித்தார், அதில் பெரும்பங்கு சிறுபிள்ளைகள். மந்திரத் தைலம் என்று கொண்டுவந்து கொடுத்தவற்றைச் சோதித்தார், எல்லாம் போலி. அவர் எழுதி அனுப்பின அறிக்கையில் ஒரு வரி: சூனியக்காரரைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கும்வரை அங்கே சூனியக்காரரும் இல்லை, சூனியம் வைக்கப்பட்டவரும் இல்லை. 1614இல் மேலிடம் அவர் சொன்ன திசையில் புது விதிகளைப் பிறப்பித்தது. ஜெர்மன் நிலங்களில் அதற்குப் பின்னும் ஆயிரக்கணக்கில் எரித்துக்கொண்டிருந்தபோது ஸ்பெயினின் விசாரணை மன்றம் ஏறக்குறைய நிறுத்திவிட்டது.

அதே 1614இல்தான் ரோமாபுரியில் பேயோட்டும் சடங்கு முறைநூலும் வெளிவந்தது. கிளிங்கன்பெர்க்கில் வாசிக்கப்பட்டதும் அந்தச் சடங்குதான். அதன் ஆரம்ப விதி என்ன தெரியுமா? ஒருவரைப் பிசாசு பிடித்திருக்கிறது என்று எளிதில் நம்பிவிடாதே. கரும்பித்தத்தாலோ (மனச்சோர்வுக்கு அக்காலத்தார் சொன்ன காரணம்) வேறு நோயாலோ வருந்துகிறவரையும் பிசாசு பிடித்தவரையும் பிரித்தறிகிற அடையாளங்களைத் தெரிந்துகொள். நானூறு வருஷத்துக்கு முன், வலிப்புக்கு மருந்தே இல்லாத காலத்தில், பேயோட்டுவதற்கென்றே எழுதின புத்தகம் சந்தேகத்தில் தொடங்குகிறது. நம் கூட்டங்கள் சந்தேகத்தை அவிசுவாசம் என்கின்றன.

வேதம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். மாற்கு 5ஆம் அதிகாரத்தை நீங்கள் எத்தனை கூட்டத்தில் பிரசங்கித்திருப்பீர்கள்! பிசாசுபிடித்த ஒருவன், அவனுக்குள் லேகியோன் என்ற பேய்க்கூட்டம், பன்றிகள், கடல். நான் அதை வார்டில் வேலை பார்க்கிறவளின் கண்ணோடு வாசிக்கிறேன். அந்த மனுஷனுக்குச் சங்கிலி போட்டது ஊர். இயேசு அவனை அடிக்கவில்லை, கட்டவில்லை, பட்டினி போடவில்லை. முடிவில் அவன் வஸ்திரந்தரித்து, புத்தி தெளிந்து உட்கார்ந்திருக்கிறான். கூடவே வருகிறேன் என்று கெஞ்சினவனைத் தம்மோடு ஊர்வலமாகக் கூட்டிப்போகாமல் வீட்டுக்கு அனுப்புகிறார். அதே அதிகாரத்தின் கடைசியில் யவீருவின் மகள். செத்தவள் எழுந்து நிற்கிறாள். அவர் சொல்வது இரண்டே காரியம்: இதை ஒருவருக்கும் சொல்லாதேயுங்கள், அவளுக்கு ஆகாரம் கொடுங்கள். சாட்சி சொல்ல மேடைக்கு வா என்று சொல்லவில்லை. உபவாசம் இரு என்றும் சொல்லவில்லை. கிளிங்கன்பெர்க்கில் அந்த ஒரு வசனத்துக்கு யாராவது கீழ்ப்படிந்திருந்தால் போதும்.

இன்னொரு இடம், நீங்கள் அதிகம் பிரசங்கிக்காதது. யோவான் 10:20. “இவன் பிசாசுபிடித்தவன், பயித்தியக்காரன், ஏன் இவனுக்குச் செவிகொடுக்கிறீர்கள்” என்று ஜனங்கள் சொன்னது நம் ஆண்டவரைப் பார்த்து. யோவான்ஸ்நானனையும் அப்படித்தான் சொன்னார்கள். ஆகவே சுவிசேஷங்களில் பிசாசு என்ற பட்டம் தவறான ஆள் மேல் ஒட்டப்பட்ட உதாரணம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பட்டத்தை ஒட்டினவர்கள் வேதம் அறியாதவர்களும் இல்லை.

என் அண்ணன் கருப்புச் சட்டைக்காரர். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கேக்கும் உண்டு, விடுதலை பத்திரிகையும் உண்டு. இதை எழுதுகிறேன் என்றதும், “கடவுளே இல்லைங்கிறேன், நீ பேய்க்கு வக்காலத்து வாங்கிக்கிட்டிருக்கியே” என்றார். அவர் வாதத்தில் பலமான பகுதிகள் உண்டு, மறைக்கமாட்டேன். தாவீது ஜனத்தொகை எடுத்த கதையை அவர் எடுத்துவைப்பார்: 2 சாமுவேல் 24இல் கர்த்தருடைய கோபம் தாவீதை ஏவுகிறது, அதே சம்பவத்தை எழுதுகிற 1 நாளாகமம் 21இல் சாத்தான் ஏவுகிறான். ஒரே செயல், இரண்டு காரணகர்த்தா. யோபு புத்தகத்தில் சாத்தான் தேவபுத்திரரோடு சேர்ந்து கர்த்தரின் சந்நிதியில் வந்து நிற்கிறான், அனுமதி வாங்கித்தான் சோதிக்கிறான். புதிய ஏற்பாட்டுக்கு வரும்போது உலகத்தின் அதிபதி. “காலத்துக்குக் காலம் வளர்ந்த பாத்திரம்மா இது, ஆள் இல்லை” என்பார். எந்த நோயும், எந்தத் தோல்வியும், எந்தக் கடனும் அவன் வேலை என்று சொல்லிவிடலாம் என்றால் அந்தப் பதிலால் யாருக்கும் ஒன்றும் தெரியவரவில்லை என்பதும் அவர் சொல்வதுதான்.

நான் அவருக்குச் சொல்வது இது. சபை பிசாசைக் கடவுளுக்குச் சமமான எதிராளியாக ஒருக்காலும் நிறுத்தவில்லை. 1215இல் ஆயர்கள் கூடின நான்காம் லாத்தரன் சங்கம், பிசாசும் மற்றப் பேய்களும் தேவனால் நல்லவர்களாகவே படைக்கப்பட்டு, தாங்களே கெட்டுப்போனவர்கள் என்று அறிக்கையிட்டது. தீமைக்குச் சொந்தமாக ஒரு பொருள் கிடையாது, நன்மையின் குறைவுதான் தீமை என்று அகுஸ்தீன் அதற்கும் எண்ணூறு வருஷம் முன்பே எழுதிவிட்டார். 1972 நவம்பரில் ஆறாம் பவுல் பாப்பரசர் பிசாசு வெறும் உருவகம் இல்லை என்று வற்புறுத்தினார். அதற்கு மூன்று வருஷம் முன்புதான் ஹெர்பர்ட் ஹாக் என்ற கத்தோலிக்க வேத அறிஞர் பிசாசுக்கு விடைகொடுத்து ஒரு புத்தகமே போட்டிருந்தார். ஆக, சபைக்குள்ளேயே விவாதம் ஓய்ந்தபாடில்லை. எனக்கு? ஒரு ஊரே சேர்ந்து ஒருவனை அடித்துக் கொல்கிறபோது, அதில் ஒவ்வொருத்தனையும் தனித்தனியாகப் பார்த்தால் அத்தனை கொடியவனாக இல்லாதபோது, அங்கே மனிதர்களின் கூட்டுத்தொகையை மிஞ்சிய ஒன்று வேலை செய்கிறதாகத்தான் படுகிறது. அண்ணன், “அதுவும் மனுஷன்தான்” என்பார். அதோடு பேச்சு நின்றுவிடும். அவருக்கு என்னை மாற்ற முடியாது, எனக்கும் அவரை.

ஆனால் வார்டு வாசலில் எங்கள் இரண்டு பேருக்கும் கருத்து வேற்றுமையே கிடையாது. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்கிறேன்.

அவர் ஆட்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. மேடையில் நின்று பேயைக் கேலி செய்வது சுலபம். கேலி கேட்ட குடும்பம் மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. வெட்கப்பட்டு இன்னும் ரகசியமான ஒரு கூட்டத்துக்குப் போகிறது. இதில் எனக்குப் பிடித்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர்தான். திருவல்லாவில் மார்த்தோமா சபைக் குருவானவரின் மகன், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். அற்புதம் செய்துகாட்டுகிறவருக்கு லட்ச ரூபாய் என்று 1963இல் சவால் விட்டார். 1978இல் இறக்கும்வரை யாரும் வாங்கவில்லை. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, பேய் பிடித்ததாகச் சொன்ன வீடுகளுக்கு அவர் நேரில் போனது. பாதிக்கப்பட்டவரைத் தனியே உட்காரவைத்துப் பேச்சுக்கொடுத்து, வீட்டுக்குள் இருக்கும் சச்சரவைக் கண்டுபிடிப்பார்.

நம் கூட்டங்களில் ஆடுகிறவர்கள் யார் என்று பாருங்கள். கல்யாணமாகி வந்த புதிதில் இருக்கிற பெண்கள், பிள்ளை இல்லாதவர்கள், பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்புப் பிள்ளைகள். மாமியார் முன்னால் சத்தமாக ஒரு வார்த்தை பேசாதவள் மைக் முன்னால் தலையை விரித்துப் போட்டு, “இந்த வீட்டில் ஒருத்தரையும் நிம்மதியா இருக்க விடமாட்டேன்” என்று கத்துகிறாள். நீங்கள் அந்த வாக்கியத்தைப் பிசாசுக்குச் சொந்தமாக்கி, “வெளியே போ” என்கிறீர்கள். வார்டில் நாங்கள் அதே வாக்கியத்தை அவளுடையது என்று வைத்துக்கொண்டு, எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, டீ கொடுத்து, “யார் மேல கோபம்மா?” என்று கேட்போம். அடி, நகை, சந்தேகம், சொல்லக் கூசுகிற வேறு காரியங்கள், எல்லாம் வரும். அவள் நடிக்கவில்லை. மனசு தாங்காத பாரத்தைத் தன்னிலிருந்து பிரித்து வேறொரு ஆளாக்கிக் காட்டுகிற நிலை அது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இடமே இருக்கிறது. அப்படிப்பட்டவளுக்கு உங்கள் ஜெபத்தால் ஆறுதல் கிடைக்கிறதா? கிடைக்கிறது, மறுக்கமாட்டேன். அத்தனை பேர் தன்னைச் சுற்றி நின்று தனக்காக அழுதது அவள் வாழ்க்கையில் அதுவே முதல் தடவையாக இருக்கும். வீட்டில் அடி நிற்காவிட்டால் பேய் திரும்ப வரும், அவ்வளவுதான்.

வலிப்பு வேறு. பெரும்பாலான வலிப்பு ஒன்றிலிருந்து மூன்று நிமிஷத்தில் தானாக நின்றுவிடும். நீங்கள் ஜெபித்தாலும் நிற்கும், கையில் சாவிக்கொத்தைத் திணித்தாலும் நிற்கும், சும்மா ஒருக்களித்துப் படுக்கவைத்தாலும் நிற்கும். மூன்றாவது நிமிஷத்தில் யார் பக்கத்தில் நிற்கிறாரோ அவருக்குப் பெயர். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அந்த நேரத்தில் ஆம்புலன்ஸ் வேண்டும், பாட்டு வேண்டாம்.

இதைவிட நயவஞ்சகமானது மனச்சிதைவு. குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்கிற பையன். மாத்திரை சாப்பிடுகிறான், குரல்கள் அடங்குகின்றன, கூடவே தூக்கம், கை நடுக்கம், உடம்பு கனத்தல். நீங்கள் மாத்திரையை விசுவாசத்தோடு தூக்கி எறியச் சொல்கிறீர்கள். எறிந்தபின் முதலில் போவது பக்கவிளைவுகள்தான். தூக்கக் கலக்கம் தெளிகிறது, முகம் பளிச்சென்று ஆகிறது, “பத்து வருஷத்துக்கு அப்புறம் என் மகன் சிரிச்சான்” என்று தாய் அழுகிறாள். சரியாக அந்த வாரத்தில்தான் அவனைச் சாட்சி சொல்ல மேடைக்குக் கூப்பிடுகிறீர்கள். நோய் திரும்ப வாரங்கள் ஆகும், மாதங்கள்கூட ஆகும். திரும்புகிறபோது கேமரா இருக்காது. அவன் கிணற்றடியில் நிற்கும்போதோ தகப்பனை அரிவாளால் வெட்டும்போதோ அதை உங்கள் கூட்டத்தோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. நீங்களும் பொய் சொல்லவில்லை. நீங்கள் பார்த்த வாரத்தில் அவன் நன்றாகத்தான் இருந்தான். ஆகவே உங்களிடம் நூறு உண்மையான சாட்சிகள் சேரும், எங்கள் வார்டில் அதே நூறு பேரில் பலர் சேருவார்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் மாதங்கள்கூட வேண்டாம். விடாத வலிப்பு வந்து ஆளே போய்விடலாம்.

2007இல்தான் ஜோசப் தல்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவும் ஒரு மூளை அழற்சியை அடையாளம் கண்டார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குகிறது. பெரும்பாலும் இளம்பெண்கள்; நேற்றுவரை சாதாரணமாக இருந்தவள் இன்று கத்துகிறாள், முகம் கோணுகிறது, கைகால் விநோதமாக அசைகிறது, தொடர்பில்லாமல் பேசுகிறாள். சிலருக்குச் சினைப்பையில் உள்ள கட்டி காரணம், எடுத்துவிட்டால் தெளிகிறார்கள். 2006இல் அப்படி ஒரு பெண்ணை உங்களிடம் கொண்டுவந்திருந்தால் மருத்துவரிடமும் பெயர் இருந்திருக்காது. இன்னும் பெயர் வைக்கப்படாத நோய் எத்தனையோ. அதனால்தான் “டாக்டரே கைவிட்டுவிட்டார், ஆகவே பிசாசு” என்கிற கணக்கு என்னால் தாங்க முடிவதில்லை.

ருடோல்ப் புல்ட்மான் என்ற ஜெர்மன் இறையியலாளர் 1941இல், மின்விளக்கையும் வானொலியையும் பயன்படுத்திக்கொண்டே புதிய ஏற்பாட்டின் ஆவி உலகத்தை நம்ப முடியாது என்று எழுதினார். பாவம், அவர் நம்மூரைப் பார்க்கவில்லை. எல்.இ.டி. திரையும் நேரலையும் வைத்துத்தான் நாம் பேயோட்டுகிறோம்.

இனி நான் கேட்பது.

கத்தோலிக்க ஆயர்களே, உங்கள் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ஆயரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் யாரும் பேயோட்டக்கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம் 1172. நோயா என்று முதலில் உறுதிசெய்யச் சொல்கிறது உங்கள் மறைக்கல்வி ஏடு. 1999இல் திருத்திய சடங்குமுறை மருத்துவரையும் மனநல நிபுணரையும் கலந்துகொள்ளச் சொல்கிறது. புளியம்பட்டியிலும் உவரியிலும் அந்தோணியாரைத் தேடி வருகிற குடும்பங்களுக்கு இதில் ஒரு வரியாவது தமிழில் எழுதிக் கண்ணில் படும்படி வையுங்கள். முடிந்தால் திருத்தல வளாகத்திலேயே மனநல மருத்துவர் உட்கார ஓர் அறை கொடுங்கள். ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் 28 பேர் செத்தார்கள். அந்த ஊரிலேயே பிற்பாடு, தர்காவுக்கு வருகிறவர்களுக்குத் துஆ என்கிற ஜெபத்தோடு மருந்தும் கிடைக்க ஏற்பாடு வந்தது. நம்மாலும் முடியும். சங்கிலி இனி எந்த மதத்துக்கும் கிடையாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு அதை எந்த வடிவத்திலும் தடைசெய்கிறது.

தென்னிந்தியத் திருச்சபைப் பேராயர்களே, 1974இல் இங்கிலாந்தில் பார்ன்ஸ்லி என்ற ஊரில் ஒரு ஆலயத்தில் ராமுழுக்கப் பேயோட்டி, இன்னும் சில பேய்கள் மிச்சமிருக்கின்றன என்று சொல்லி ஒரு மனிதரை விடியற்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் போய் மனைவியைக் கொன்றார். அடுத்த வருஷமே இங்கிலாந்துச் சபையின் தலைமைப் பேராயரான கேண்டர்பரி பேராயர் டொனால்ட் காகன் விதி வகுத்தார்: பேராயர் அனுமதித்த அனுபவசாலிகள் மட்டும், மருத்துவரோடு இணைந்து, விளம்பரம் இல்லாமல், ஜெபமும் திருவிருந்தும் சூழ, பிற்பாடு தொடர்ந்த பராமரிப்போடு. ஆங்கிலிக்கன் தாயிடமிருந்து அங்கியும் பாட்டுப் புத்தகமும் வாங்கிக்கொண்ட நாம் இந்த அரைப்பக்கத்தையும் வாங்கிக்கொண்டிருக்கலாம். நம் வேலூரில் மிஷன் ஆஸ்பத்திரி 1950களிலேயே மனநோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்து வைத்தியம் பார்க்கத் தொடங்கியது. சங்கிலிக்குப் பதில் சொந்தக்காரர். அதுவும் நம் விசுவாசத்தின் சரித்திரம்தான், ஆனால் எந்தக் கன்வென்ஷனிலும் அதைப் பற்றிச் சாட்சி கேட்டதில்லை.

சுயாதீன சபைப் பாஸ்டர்மாரே, உங்களுக்கு மேலே பேராயர் இல்லை; ஆனால் ஒவ்வொரு தாலுகாவிலும் போதகர் ஐக்கியம் இருக்கிறது. அதில் பேசி முடிவெடுங்கள். ஜெபியுங்கள், தாராளமாக. நோயாளியை அடிக்காதீர்கள், தலைமுடியைப் பிடிக்காதீர்கள், கண்ணில் எண்ணெய் விடாதீர்கள், சோறு தண்ணீரை நிறுத்தாதீர்கள். பெண்ணோடு தனியறை வேண்டாம். பெயரைக் கேட்காதீர்கள், கேட்கிறவருக்குத்தான் அது பெயர் சொல்கிறது, சொல்லிச் சொல்லி ஒரு ஆளாகவே வளர்ந்துவிடுகிறது. முகத்தை வீடியோவில் போடாதீர்கள். நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவன் அதைத்தான் முதலில் பார்ப்பான். மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேளுங்கள். ஆம் என்றால், விடாதே என்று அதே மைக்கில் சொல்லுங்கள். உங்கள் வாயிலிருந்து வந்தால் எங்கள் டாக்டர் சொல்வதைவிட நூறு மடங்கு எடுபடும். எங்கே போவது என்று தெரியாதவருக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண்ணை, கொடுங்கள். காசு இல்லை, தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

பேராயர் அலுவலகங்களிலிருந்து ஒரு பக்க ஆணை வந்தால் போதும். ஞாயிறு ஆராதனை அறிவிப்புகளில், வரிப்பண அறிவிப்புக்கும் ஐக்கிய விருந்து அறிவிப்புக்கும் நடுவே வாசிக்கிற அளவில் இருக்கட்டும். எங்கள் சபைக்கு வருகிற பிரதியைத் தட்டச்சு செய்து பக்கத்துக் கிராம ஆலயங்களுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். பென்ஷன்காரிக்கு நேரம் இருக்கிறது.

கர்த்தருக்குள்,
தென்மாவட்டத்துச் சபை அங்கத்தினர் ஒருத்தி,
ஓய்வுபெற்ற மனநலப் பிரிவுச் செவிலி